குழாய் நல்லது, கால்தான் சரியில்லை: கடலூர் மாடியில் ஒரு 50 மி.மீ. தொலைநோக்கி

இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ. அகலமுள்ள தொலைநோக்கியைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம். அதோடு வரும் ஸ்டாண்டை மட்டும் நம்பாதீர்கள். மகள் நாலாவது படிக்கும்போது வாங்கினோம், இப்போது அவள் ஆறாவது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் அதிகம் புழங்குகிறது. இத்தனை நாள் வைத்துப் பார்த்ததில் எது உழைக்கிறது, எது உழைக்கவில்லை என்று நன்றாகவே தெரிந்துவிட்டது.

பெட்டி மேல் ‘90 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். முன் லென்ஸின் குவியத் தூரம் 360 மி.மீ. அதை ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) மேல் போட்டிருக்கும் மி.மீ. அளவால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வந்துவிடும். 20 மி.மீ. ஐபீஸில் 18, 6 மி.மீ. ஐபீஸில் 60. கூட வரும் ஒன்றரை மடங்குக் குழாயையும் நடுவில் செருகினால்தான் அந்த 90. அப்படிச் செருகிப் பார்த்தால் படம் பெரிதாகும், ஆனால் மங்கி, ஓரமெல்லாம் நீலமும் ஊதாவுமாகப் பிசிறடிக்கும். அந்த ஒன்றரை மடங்குக் குழாய் பெட்டியிலேயே கிடக்கட்டும்.

18 மடங்கு என்றால் குறைச்சல் இல்லை. 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் நான்கு நிலாக்களைக் கண்டுபிடித்தது கிட்டத்தட்ட 20 மடங்கு பெருக்கும் குழாயில்தான். 2024 மார்கழியில் ரோகிணிக்குப் பக்கத்தில் வியாழன் பளிச்சென்று நின்றபோது மகள் ஒரு நோட்டுப் போட்டாள். நடுவில் ஒரு வட்டம், இரண்டு பக்கமும் புள்ளிகள், மேலே தேதியும் மணியும். அந்த நான்கில் அயோ என்ற நிலா வியாழனை ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 42 மணி நேரம். காலிஸ்டோ என்ற நிலாவுக்கு 17 நாள் பக்கம் ஆகிறது. அதனால் ஒரு நாள் படம் மறுநாள் இருக்காது. “அப்பா, நேத்து நாலு இருந்துச்சு, இன்னிக்கு மூணுதான் இருக்கு” என்று கத்திக்கொண்டே கீழே இறங்கி வந்தாள். நாலாவது வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும் என்று சொன்னதும், அது திரும்ப வருகிற வரைக்கும் படுக்க மாட்டேன் என்று மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த விலைக்கு இதைவிட என்ன வேண்டும்?

நிலாவைப் பொறுத்தவரை பௌர்ணமியை விட்டுவிடுங்கள். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும்போது நிலா கண்ணுக்கு அழகுதான், குழாயில் வெறும் வெள்ளைத் தட்டு. வெயில் நேராக விழுவதால் நிழலே இருக்காது. வளர்பிறை சப்தமி, அஷ்டமியில் பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டை ஒட்டிப் பள்ளங்களின் விளிம்பு மட்டும் வெளுத்து, உள்ளே மை ஊற்றினாற்போல் இருட்டிக் கிடக்கும். 6 மி.மீ. ஐபீஸ் உருப்படியாக உதவுகிற இடமும் இதுதான்.

இனி ஸ்டாண்ட். ஒரு முழ உயரம்கூட இல்லாத அலுமினியக் கால்கள், மேலே பிளாஸ்டிக் தலை. ஃபோகஸ் திருகில் விரல் பட்டாலே படம் ஆடும். ஆடி அடங்குகிற வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். 60 மடங்கில் பூமி சுழல்கிற வேகத்துக்கு வியாழன் இரண்டு மூன்று நிமிஷத்தில் பார்வையை விட்டு நழுவிவிடும். அதைத் துரத்திப் பிடிப்பதற்குள் பிள்ளைக்கு அலுத்துவிடும். தொலைநோக்கி வாங்கி ஒரே வாரத்தில் பரணில் போட்டார்கள் என்றால் பெரும்பாலும் குற்றம் லென்ஸில் இல்லை, இந்தக் கால்களில்தான். போதாக்குறைக்கு, சாயங்காலம் ஆனால் எங்கள் ஊரில் கடல்காற்று வேறு.

தலையில் இருந்த திருகு மரை மழுங்கியதும் அந்த ஸ்டாண்டை நிறுத்தியே விட்டோம். தச்சரிடம் சொல்லி ஒரு மரக்கட்டையில் குழாய் உட்கார வளைவாகப் பள்ளம் எடுத்து, உள்ளே சைக்கிள் ட்யூப் ஒட்டினோம். கட்டைக்கு அடியில் முக்கால் வாசி மணல் நிரப்பிய துணிப் பை. பையோடு கைப்பிடிச் சுவரில் வைத்து அழுத்தினால் எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் சாயும், சாய்ந்த இடத்தில் நிற்கும். குழாய் கீழே விழாமல் இருக்க ஒரு கயிறு கட்டாயம். உச்சி வானத்தைப் பார்க்க இது ஆகாது, மற்றபடி குறையில்லை. மாடித் தளம் பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்போது படம் தண்ணீர் கொதிப்பதுபோல் அலையும், எட்டு மணிக்கு மேல் ஏறுங்கள்.

சனியின் வளையம் தெரியவில்லை என்று 2025-இல் வாங்கினவர்கள் குழாயைத் திட்டியிருக்கலாம். அந்த மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நின்றது. இனி வருஷத்துக்கு வருஷம் விரியும். 60 மடங்கில் காது முளைத்த மாதிரி இரண்டு பக்கமும் புடைத்துத் தெரியும். கார்த்திகைக் கூட்டம் 18 மடங்கில் ஒரே பார்வையில் அடங்குவது அழகு. சித்திரையில் தெற்கே ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கொத்து நம் ஊரிலிருந்து 30 பாகை உயரத்துக்கு வரும். ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் அது அடிவானத்துக்கு மேலேயே வராது. இதில் புகைத் திட்டாகத்தான் தெரியும், அத்தனையும் நட்சத்திரம் என்று சொல்லிக் காட்டுங்கள்.

மேகத்துக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கவென்றே பிரான்சிலிருந்து வந்து புதுச்சேரியில் காத்திருந்த வானியலாளர் லெ ழான்டீல், 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடி அதைத் தவறவிட்டார்.

உப்புக்காற்றும் ஈரமும்தான் பெரிய எதிரி. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த 2024 நவம்பர் மழைக்குப் பிறகு ஐபீஸ் உள்ளே சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை படர ஆரம்பித்தது. அதிலிருந்து மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறோம். பனியில் நனைந்தால் முந்தானையால் துடைக்காதீர்கள், ஃபேன் காற்றில் தானாகக் காயட்டும்.

சூரியன் பக்கம் இதைத் திருப்பவே கூடாது. சில செட்களில் ஐபீஸில் திருகிப் போடும் கறுப்புக் கண்ணாடி வரும்; குவிகிற சூட்டில் அது விரிசல் விட்டால் அந்த நொடியே கண் போய்விடும். வாங்கிய அன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள். பகலில் பிள்ளை தனியாக எடுக்காதபடி உயரத்தில் வையுங்கள்.

ஐந்நூறு ரூபாய்க்கு விற்கும் பிளாஸ்டிக் லென்ஸ் பொம்மை வேண்டவே வேண்டாம். கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் 70 மி.மீ. எடுங்கள், 1.25 அங்குல ஐபீஸ் பொருந்துகிறதா என்று கேட்டு வாங்குங்கள். அதுதான் பொது அளவு, பின்னால் நல்ல ஐபீஸ் மாற்றிக்கொள்ளலாம். ஸ்டாண்ட் எதுவானாலும் கடையிலேயே நிறுத்தி, குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டி, ஆட்டம் எப்போது நிற்கிறது என்று பாருங்கள்.