பட்டா பேசாத பயணம்: ஒரு துருக்கிச் சுற்றுலா குறித்து

நில அளவைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் சங்கிலியும் புலப்படமுமாகக் கழித்து ஓய்வு பெற்ற நான், சென்ற ஆடிக் கடைசியில் மனைவியுடன் பன்னிரண்டு நாள் துருக்கிச் சுற்றுலா சென்று வந்தேன். அழைத்துச் சென்றது தியாகராய நகரில் இயங்கும் ஒரு நிறுவனம். பெயரைத் தவிர்க்கிறேன், நான் சொல்லப்போகும் குறை அவர்களுக்கு மட்டும் உரியதென்று தோன்றவில்லை.

விசாவை அவர்களே முடித்துக் கொடுத்தார்கள். பேருந்து நேரத்துக்கு வந்தது, சைவம் உண்பவர்களுக்கெனப் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கூடவே பயணம் செய்தன. பத்து நாள்வரை குறையொன்றும் இல்லை. மீதமிருந்த இரண்டு நாள், கலிபோலி முனையின் கபாதெபே துறையில் படகேறிச் செல்லும் கோக்சேஅடா தீவுக்கு. துருக்கியின் மிகப் பெரிய தீவு அது. 1970 வரை அதன் பெயர் இம்ரோஸ்.

நிறுவனத்தின் அச்சிட்ட கையேட்டில் 'அமைதியான தீவு, கைவிடப்பட்ட பழைய கிரேக்கக் கிராமம், கல்லுரல் காப்பி' என்று மூன்றே வரி. உள்ளூர் வழிகாட்டியும் அதற்கு மேல் போகவில்லை. "முன்பு இங்கே கிரேக்கர்கள் இருந்தார்கள், பிறகு போய்விட்டார்கள்" என்றார். ஒரு ஊரே நிலத்தையும் வீட்டையும் விட்டுவிட்டுப் 'போய்விட்டது' என்றால், என் துறைக்காரன் எவனும் அடுத்து ஒரு கேள்வி கேட்பான். சென்னையிலிருந்து கூடவே வந்த மேலாளரிடம் கேட்டேன்: "தம்பி, இவங்க நிலமெல்லாம் இப்போ யார் பேர்ல இருக்கு?" அவர் சிரித்துக்கொண்டே, "சார், அது பாலிடிக்ஸ், நமக்கு எதுக்கு?" என்றார்.

நமக்கு எதற்கு என்பதை அறையில் உட்கார்ந்து தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். துருக்கிக்கும் நேச நாடுகளுக்கும் இடையே 1923-இல் கையெழுத்தான லோசான் அமைதி உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, இம்ரோஸ், தெனேதோஸ் என்னும் இரு தீவுகளும் துருக்கியின் ஆளுகையில் இருந்தாலும், அங்குள்ள முஸ்லிம் அல்லாத மண்ணின் மக்களுக்கு உள்ளூராட்சியிலும், உயிர், உடைமைப் பாதுகாப்பிலும் உறுதி தந்தது; ஊர்க்காவலரைக்கூட உள்ளூரிலிருந்தே எடுக்க வேண்டும் என்றது. துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் இடையே நடந்த மக்கள் பரிமாற்றத்திலிருந்தும் இவர்களுக்கு விலக்கு இருந்தது. ஆனால் 1927-இல் வந்த ஒரு சட்டம் அந்த உள்ளூராட்சியையும் கிரேக்க மொழிக் கல்வியையும் இல்லாமல் செய்தது. 1950-களில் சில காலம் திரும்பி வந்த அந்தக் கல்வி, கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் இடையிலான சைப்ரஸ் பூசல் முற்றிய 1964-இல் மறுபடியும் நின்றது. அதே பத்தாண்டில் அரசுப் பண்ணைக்கும் பிற தேவைகளுக்கும் என விளைநிலத்தின் பெரும்பகுதி கையகப்படுத்தப்பட்டது, திறந்தவெளிச் சிறை ஒன்றும் வந்தது. பள்ளியும் இல்லை, வயலும் இல்லை, கைதிகள் ஊருக்குள் நடமாடுகிறார்கள் என்றால் பிள்ளை பெற்றவர்கள் எத்தனை நாள் இருப்பார்கள்? எண்ணாயிரத்துக்கும் மேல் இருந்த சமூகம் சில நூறாகச் சுருங்கியது. வெளியேறிப் பலர் குடியுரிமை இழந்ததால், வாரிசு என்று வந்து நிற்கவும் வழியில்லாமல் போயிற்று; பிறகு நடந்த நில அளவையில் உரிமையாளர் இல்லாத நிலமெல்லாம் கருவூலத்தின் பெயரில் ஏறியது. நேரில் ஆளில்லை என்று குறித்துக் கையெழுத்திடுவது எவ்வளவு எளிது என்பதை நானும் அறிவேன்.

தெரெக்கோய் என்று இப்போது வழங்கும் ஸ்கினூதியில் எங்களுக்குத் தரப்பட்டது அரை மணி நேரம். 'போட்டோ ஸ்டாப்' என்று நிரலில் அச்சிட்டே இருந்தார்கள். கூரை விழுந்த கல்வீடுகள் வரிசையாக நின்றன. ஒரு வீட்டின் நடுக்கூடத்தில் அத்திமரம் முளைத்துச் சுவரைத் தாண்டியிருந்தது. ஊர்ப் பெண்கள் கூடித் துணி துவைத்த பொதுக் கட்டடத்தில் கல்தொட்டிகளின் விளிம்பு கைபட்டுக் கைபட்டு, நம் அம்மிக்கல்லைப்போல வழுவழுப்பாகக் குழிந்திருந்தது. என் மனைவி அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே விசில் ஊதிவிட்டார்கள்.

ஸெய்தின்லியில் கல்லுரலில் இடித்த காப்பி கொடுத்தார்கள். அடியில் தங்கிய மண்டியைக் கண்ட சக பயணி ஒருவர் டிகாக்ஷன் வடிகட்ட மறந்துவிட்டார்களோ என்றார், எனக்குப் பிடித்திருந்தது. கிரேக்க மரபுத் திருச்சபையின் முதுபெரும் தலைவர் பர்த்தலோமியு 1940-இல் பிறந்த தீவு இது என்பதையும், அரை நூற்றாண்டு மூடிக் கிடந்த கிரேக்கப் பள்ளி விரல்விட்டு எண்ணும் பிள்ளைகளோடு 2013-இல் இங்கே மீண்டும் திறந்தது என்பதையும், காப்பி ஆறும் நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம். இரு தீவுகளின் இரட்டைப் பண்பாட்டைக் காக்க வேண்டும் என்று ஐரோப்பிய மன்றத்தின் நாடாளுமன்ற அவை 2008-இல் தீர்மானம் நிறைவேற்றியதையும் சேர்க்கலாம். திரும்பி வந்து பழைய வீட்டுக்கு ஓடு வேய்பவர்கள் இருக்கும் இடத்தைக் 'கைவிடப்பட்டது' என்று கையேட்டில் எழுதுவது தகவல் பிழை.

பெயர் மட்டும் எஞ்சுவது சென்னைக்காரனுக்குப் புதிதன்று. ஆர்மீனியர் தெருவை அரண்மனைக்காரன் தெரு ஆக்கிக்கொண்டு, 1772-ஆம் ஆண்டுத் தேவாலயத்தைக் கடந்து தினமும் போகிறோம். இம்ரோஸில் நேர்மாறு: ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், ஊர்ப்பெயர்களைத்தான் எடுத்துவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய குறை தேதி. ஆகஸ்ட் 15 அங்கே மாதா திருநாள். முந்தின இரவு தெபெக்கோய் என்னும் கிராமத்தில் அண்டா அண்டாவாக இறைச்சியும் கோதுமையும் வேகும். மறுநாள் வந்தவர்க்கெல்லாம் ஊற்றுவார்கள். எங்கள் சேத்துப்பட்டுத் தெருவில் ஆடிக்கூழ் ஊற்றுவதைப் போன்றதுதான். புலம்பெயர்ந்தவர்களும் அவர்கள் பேரப்பிள்ளைகளும் ஊருக்குத் திரும்பும் நாள் அது. நாங்கள் 14-ஆம் தேதி நண்பகலே படகுத்துறையில் நின்றோம். இறங்கி வந்த கூட்டத்தில் ஒரு மூதாட்டி, கையில் துணிமூட்டையும் தோளில் ஒரு சிறுமியின் கையுமாக, எங்கள் வரிசையை விலக்கிக்கொண்டு நடந்தார். அவர் இறங்கக் காத்திருந்து நாங்கள் ஏறினோம்.

ஊர் திரும்பியதும் இவற்றை விரிவாக எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன். கையேட்டைத் திருத்துவதாகவும், அடுத்த ஆண்டு தீவில் ஒரு நாள் கூட்டுவதாகவும், அதற்குக் கட்டணம் தனி என்றும் பதில் வந்தது. அந்த ஒரு நாளுக்கு நான் கொடுப்பேன்.