நாளங்களை எண்ணுவதா, நாளத்துக்குள் எட்டிப் பார்ப்பதா?

பெருங்குடல் கட்டியை வெட்டி எடுத்தாகிவிட்டது, இனி திரும்ப வருமா வராதா என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியைக் கட்டியின் இரத்த நாளங்களிடமே கேட்டுவிடலாம் என்று ஆராய்ச்சியாளர்களுக்கு நீண்ட நாள் ஆசை. காரணம் இருக்கிறது. புது நாளங்கள் முளைத்து இரத்தம் கொண்டுவராவிட்டால் கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளர முடியாது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இலேயே சொல்லிவிட்டார். அப்படியானால் நாளம் அதிகமுள்ள கட்டி ஆபத்தான கட்டி, இல்லையா? கணக்கு நேராகத்தான் இருக்கிறது. எதை அளப்பது என்று வரும்போதுதான் தகராறு.

பழைய வழி, எண்ணுவது. நுண்நாள அடர்த்தி என்பார்கள். 1991இல் வீட்னர் குழுவினர் மார்பகப் புற்றுநோயில் செய்து காட்டிய முறை, பிறகு பெருங்குடலுக்கும் வந்தது. கட்டியின் மெல்லிய சீவலுக்கு நாளங்கள் நிறமேறும்படி சாயம் போட்டு, அந்த ஸ்லைடை நுண்ணோக்கியில் குறைந்த பெருக்கத்தில் மேய்ந்து, நாளம் மிக நெருக்கமாகத் தெரியும் இடத்தைப் பிடித்து, அங்கே 200 மடங்கில் பெரிதாக்கி ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். குழாய் போலத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை, சாயமேறிய ஒற்றைச் செல் தனியாக நின்றாலும் அதுவும் ஒரு நாளம்தான். இங்கேதான் எனக்கு இடிக்கிறது. நெருக்கமான இடம் எது என்று முடிவு செய்வது கண், இது ஒரே நாளமா இல்லை வளைந்து போகும் நாளத்தின் இரண்டு வெட்டா என்று முடிவு செய்வதும் கண். ஒரே ஸ்லைடை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு எண்ணிக்கை வருவதில் ஆச்சரியமில்லை.

சாயத்திலும் சிக்கல் உண்டு. நாளச் செல்களில் இருக்கும் சிடி34, சிடி31, சிடி105 என்ற புரதங்களில் ஒன்றைக் குறிவைத்துத்தான் சாயம் போடுவார்கள். சிடி34 போட்டால் நாளம் பளிச்சென்று தெரியும், கூடவே சுற்றியுள்ள இணைப்புத் திசுவின் சில செல்களும் நிறமேறி நிற்கும். சிடி31 போட்டால் அழற்சிச் செல்கள் சில உள்ளே நுழைந்துவிடும். சிடி105 கொஞ்சம் வேறு மாதிரி: பழைய நாளங்களை விட்டுவிட்டுப் புதிதாக வளர்பவற்றையே அதிகம் காட்டும், அதனால் மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் ஒரு ஆய்வு சிடி34 வைத்தும் இன்னொன்று சிடி105 வைத்தும் எண்ணியிருந்தால், இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. அதற்காக இந்த முறை வெறும் பொய் என்று சொல்ல வரவில்லை. 2006இல் முந்தைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிய ஒரு தொகுப்பாய்வில், பெருங்குடல் புற்றுநோயில் நாளம் நெருக்கமாக இருந்தவர்களுக்கு நோய் திரும்புவதும் அதிகம், ஆயுளும் குறைவு என்றுதான் வந்தது. கூட்டமாகப் பார்த்தால் உண்மை, ஆனால் தனி ஒருவரின் ரிப்போர்ட்டில் வெட்டுப்புள்ளி, அதாவது எத்தனைக்கு மேல் போனால் ஆபத்து என்ற எல்லை, எங்கே என்று கேட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்ட எண் கிடையாது.

அடுத்தது விஇஜிஎஃப், அதாவது நாளத்தை முளைக்கவைக்கும் புரதம். திசுவில் சாயம் போட்டும் பார்க்கலாம், இரத்தத்திலும் அளக்கலாம். அதே தொகுப்பாய்வில் இதற்கும் அதே திசையில்தான் பதில். ஊசி குத்தி இரத்தம் எடுத்தால் போதும் என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தட்டணுக்களுக்குள்ளும் இதே புரதம் பொதிந்திருக்கிறது. குழாயில் இரத்தம் உறையும்போது அது வெளியே கொட்டுவதால், சீரத்தில் (உறைந்த பிறகு மிஞ்சும் நீர்) எடுத்த அளவு பிளாஸ்மாவில் (உறையவிடாமல் பிரித்த நீர்) எடுத்ததைவிடக் கூடுதலாக நிற்கும். எதை அளந்தோம், கட்டியையா தட்டணுவையா?

சரி, மூன்றாவது. குடல் சுவரைத் தாண்டி வெளியே இருக்கும் சிரைக்குள் புற்றுச் செல்கள் புகுந்திருக்கிறதா என்று பார்ப்பது. இது நாள வளர்ச்சியே இல்லையே, இதை எப்படி இந்தப் பந்தயத்தில் சேர்க்கலாம் என்று ஒருவர் கேட்டால் நியாயம்தான். ஆனாலும் சேர்க்கிறேன், ஏனென்றால் ஜெயிப்பது இதுதான். குடலின் சிரைகள் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகின்றன, பெருங்குடல் புற்று பரவும்போது அடிக்கடி முதலில் கல்லீரலில் போய் உட்காருவதும் அதனால்தான். எத்தனை சாலை போட்டிருக்கிறார்கள் என்று எண்ணுவதைவிட, வண்டி ஏறிவிட்டதா என்று பார்ப்பது மேல்.

பார்ப்பது அவ்வளவு எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தமனியும் சிரையும் பொதுவாக ஜோடியாகப் போகும். ஸ்லைடில் ஒரு தமனி மட்டும் துணையில்லாமல் அநாதையாக நிற்க, பக்கத்தில் ஓரம் வழவழப்பான வட்டமான ஒரு புற்றுத் திட்டு இருந்தால் சந்தேகப்பட வேண்டும்: அந்தத் திட்டு உட்கார்ந்திருப்பதே காணாமல்போன சிரைக்குள்ளாக இருக்கலாம். வழக்கமான சாயத்தில் சிரைச் சுவர் சிதைந்து போய் அடையாளமே தெரியாது. சிரைச் சுவரில் இருக்கும் மீள்தன்மையுள்ள நார்களைக் காட்டும் மீள்நார்ச் சாயம் போட்டால், திட்டைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் எழும்பி வரும். வழக்கமான சாயத்தில் தவறவிட்ட ஊடுருவல் இதில் பிடிபடுவது சகஜம். மலக்குடல் கட்டியாக இருந்தால் அறுவைக்கு முன்பே எம்ஆர்ஐயிலும் பார்க்கலாம், எண்ணும் முறையால் அது முடியாது.

அப்புறம் மருந்து விஷயம். விஇஜிஎஃப்பைத் தடுக்கும் பெவசிசுமாப், பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்காக 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு அடிப்படையான ஆய்வில், கீமோவோடு சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 15.6 மாதத்திலிருந்து 20.3 ஆனது. நாளம் நிறைய உள்ள கட்டிக்கு இது கூடுதலாக வேலை செய்யும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அதே நோயாளிகளின் திசுவை எடுத்து நாள அடர்த்தியும் விஇஜிஎஃப்பும் பார்த்தார்கள், இரண்டுமே யாருக்குப் பலன் கிடைக்கும் என்று பிரித்துக் காட்டவில்லை. கட்டியை எடுத்த பிறகு தடுப்பாகக் கொடுத்துப் பார்த்த சி-08, அவான்ட் ஆய்வுகளிலும் நோய் திரும்புவது குறையவில்லை. கல்லீரலில் சில பரவல்கள் புது நாளமே முளைக்கவைக்காமல், ஏற்கெனவே அங்கிருக்கும் நாளங்களைத் தொற்றிக்கொண்டு வளர்கின்றன, அங்கே எண்ணி என்ன ஆகப்போகிறது?

ஆக, கையில் நோயியல் ரிப்போர்ட் இருந்தால் நோயின் நிலை, நிணநீர்க் கணுக்கள் குறைந்தது 12 பார்த்தார்களா, இவற்றுக்கு அடுத்து நான் தேடுவது சிரை ஊடுருவல் பற்றிய வரியைத்தான். நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத இரண்டாம் நிலையில் கீமோ வேண்டுமா வேண்டாமா என்று தயங்கும் இடத்தில் அந்த ஒரு வரிக்கு எடை உண்டு. 'இல்லை' என்று எழுதியிருந்தால், மீள்நார்ச் சாயம் போட்டுப் பார்த்துச் சொன்னதா என்று மருத்துவரிடம் கேட்பதில் தப்பே இல்லை.