வெள்ளவத்தையில் நான்கு கிழமை: அம்மாவின் இதயக் குளிசையும் நாடி பார்த்த கைகளும்

ரொறன்ரோவில் இருந்து கொழும்பு வெள்ளவத்தைக்குப் போனவுடன் முதலில் கண்ணில் பட்டது அம்மா கதிரையில் இருந்து எழும்பிய விதம்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் அடி எடுத்து வைத்தார். மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியால் வந்து இரண்டு மாதம். "ஒன்றுமில்லை பிள்ளை, களைப்புத்தான்" என்றார்.

அன்று பின்னேரமே பிஸ்கட் டின்னில் இருந்த குளிசைகளை எல்லாம் மேசையில் பரப்பினேன். அரசாங்க கிளினிக்கில் கொடுத்த காகித உறை ஒன்றில் பிசோப்ரோலோல் என்று பேனையால் எழுதியிருந்தது. தனியாரில் சேனல் பண்ணிக் காட்டிய டொக்டர் எழுதிய துண்டுக்கு வாங்கிய பெட்டியில் கொட்டை எழுத்தில் வேறொரு பெயர். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டால் மட்டும் தெரியும் அளவில், பிசோப்ரோலோல். அம்மா காலையில் இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். கிளினிக் கொப்பியை அங்கே காட்டவில்லையாம். அந்த டொக்டரும் கேட்கவில்லை.

1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை முன்னின்று நடத்திய பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தைக் கம்பனி வைத்த பெயரில் அல்ல, அதன் மூலப் பெயரில் எழுத வேண்டும் என்று எவ்வளவு பாடுபட்டார் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டு மேசையில்தான் அது எதற்காக என்று விளங்கியது.

பயத்தில் இரண்டையும் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். நல்ல வேளை, கீழ் மாடியில் இளைப்பாறிய ஒரு ஸிஸ்டர் இருக்கிறார். சிங்களப் பெண்மணி, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் வேலை செய்தபோது பழகிய தமிழ். வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணினார். நாற்பத்தாறு. "அரை நிமிடம் எண்ணிப் பெருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "துடிப்பு ஒழுங்காக இல்லாத ஆளுக்கு அந்தக் கணக்குப் பிழைக்கும் மகள்" என்றார். பிறகு கண்டிப்பாகச் சொன்னார்: "நீங்களாக நிறுத்த வேண்டாம். இன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்."

பிசோப்ரோலோல் பீட்டா பிளொக்கர் என்ற வகை. இதயத்துக்கு அட்ரினலினின் விரட்டலைக் குறைக்கிற மருந்து. துடிப்பு மெதுவாகும், இதயத்தின் வேலை குறையும். 1960களில் இந்த வகை மருந்தை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. பல நாள் எடுத்து வந்ததைத் திடீரென்று விட்டால், அடங்கியிருந்த விரட்டல் ஒரேயடியாகத் திரும்பும். நெஞ்சு நோ வரலாம், இன்னொரு மாரடைப்புக்கூட வரலாம். சரி, ஓட்டோ பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூட்டம்தான், ஆனால் ஈசீஜி எடுத்தார்கள், ஒரு சதம் கேட்கவில்லை. இதயத்தின் மின்னோட்டத்தில் தடங்கல் (ஹார்ட் பிளொக்) இல்லை என்று சொல்லி, அடுத்த நாளில் இருந்து ஒன்றை மட்டும் போடச் சொன்னார்கள்.

நான் திரும்பிய பிறகு யார் பார்ப்பது? வீட்டுக்குத் தாதி அனுப்பும் ஒரு நிறுவனத்துக்குக் காசு கட்டினேன். "பயிற்சி பெற்ற நர்ஸ்" என்றார்கள். வந்தது பதுளைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. பாசமான பிள்ளை, அம்மாவைக் குளிப்பாட்டுகிற அழகே தனி. ஆனால் நாடி என்று எழுதச் சொன்னால் விரலில் மாட்டுகிற கருவியைப் பார்த்து 97 என்று எழுதியது. அதில் இரண்டு எண் விழும். 97 ஒட்சிசன், நாடி அதற்குக் கீழே 54. எனக்குக் கோபம் அந்தப் பிள்ளையில் இல்லை. நர்ஸ் என்று பெயர் வைத்து, ஒன்றும் படிப்பிக்காமல், இதய நோயாளி வீட்டுக்கு அனுப்பியவர்கள்மேல்தான்.

கீழ் வீட்டு ஸிஸ்டர் மூன்று நாள் பின்னேரம் மேலே வந்தார். அந்தப் பிள்ளைக்கு நாடி எண்ணப் பழக்கினார். குளிசை கொடுக்க முதல் எண்ணு, ஐம்பதுக்குக் கீழே என்றால் கொடுக்காமல் டொக்டரைக் கேள். கட்டிலில் இருந்து எழும்ப முதல் காலைத் தொங்கப்போட்டு இருக்க வை. மூச்சிழுப்பு, மூச்சு முட்டல், கால் வீக்கம் வந்தால் சொல்லு. நெஞ்சு நோ என்றால் 1990 அம்புலன்ஸுக்கு அடி.

இன்னொன்றும் சொன்னார், எனக்கே தெரியாதது. அம்மாவுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. சீனி இறங்கினால் வருகிற கை நடுக்கத்தையும் படபடப்பையும் இந்தக் குளிசை மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. அடுத்த கிழமை ஒரு விடியற்காலை அந்தப் பிள்ளை என்னைத் தட்டி எழுப்பியது: "அக்கா, அம்மாவின் கழுத்தெல்லாம் ஈரம், ஃபேன் ஓடுது." கை நடுங்கவே இல்லை. விரலில் குத்திச் சீனி பார்த்தால் 58. மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணித்தியாலத்தில் ஏறியது. கிளினிக்கில் சொல்லிச் சீனிக் குளிசையைக் குறைத்தோம்.

இப்போது தினமும் கொப்பியின் படம் வட்ஸ்அப்பில் வருகிறது. நேற்று நாடி 62. அதற்குக் கீழே புதிதாக வாங்கிய பெட்டியின் படம், நிறமும் பெயரும் வேறு. "கடையில் இது இருக்கு என்று தந்தார்கள். அதேதானா அக்கா? நான் இன்னும் கொடுக்கவில்லை" என்று குரல் பதிவு. பெரிதாக்கி அந்தச் சின்ன எழுத்தையும் மில்லிகிராமையும் வாசித்துவிட்டுத்தான் பதில் போட்டேன்.