அடீனியம்: விதையா, ஒட்டா? நாலு மாரி கண்ட பிறகு

அடித்தண்டு கிழங்காகப் பருத்து நிற்கும் பூச்செடி அடீனியம். அதன் ஒட்டுக்கன்று விலை இறங்கிவிட்டது, இனியும் விதை போட்டு ஏன் மினக்கெட வேணும் என்று கூட்டாளி ஒருவர் கேட்டிருந்தார்.

எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். விதைப் பைக்கற்றின் படத்தில் மூன்றடுக்குச் சிவப்புப் பூ, சாடியில் பூப்பது ஒற்றையடுக்கு ரோஸ் நிறம். நாலு வருசமாக இதே கூத்து. அடீனியம் தன் மகரந்தத்தில் பெரும்பாலும் காய் பிடிக்காது. தேனெடுக்க வரும் பூச்சி எங்கிருந்து கொண்டுவந்ததோ அதுதான். தாயின் படத்தை அச்சடித்து விற்கிறவருக்குத் தகப்பன் யாரென்று தெரியாது.

ஆனால் அந்த ரோஸ்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்றில் விளிம்பு கடும் ரோஸ், தொண்டைக்குப் போகப் போக வெள்ளை. அடுத்ததில் தொண்டைக்குள் கருஞ்சிவப்புக் கோடுகள். ஒன்றின் இலை மினுங்கும், இன்னொன்றில் தடவினால் பூனைமயிர். கிழங்கு ஒன்று வெங்காயம் போல உருண்டிருக்கும், மற்றது விரல் விரித்த கை. முதற் பூவை வைத்து நிறத்தை முடிவு கட்டவேண்டாம். கச்சான் காற்று வீசும் வெக்கையில் நிறம் வெளிறும், வெயில் தணிந்தால் திரும்பும்.

விதை புதிதாக இருக்கவேணும். மாசி, பங்குனியில் போட்டால்தான் மாரிக்கு முன் கிழங்கு இறுகும். ஆற்றுமணல் இரண்டு பங்கு, தும்புச்சோறு (தேங்காய்த் தும்பின் தூள்) ஒன்று, நொறுக்கிய கரி ஒன்று. திருகோணமலைப் பக்கத்து உப்புவெளி, நிலாவெளிக் கடல்மணல் வேண்டாம், உப்பு. விதையைப் படுக்கையாக வைத்து அரை சென்ரிமீற்றர் மூடினால் ஒரு கிழமைக்குள் முளைக்கும். கழுத்து மெலிந்து சாய்ந்தால் ஈரம் கூடிவிட்டது. அதைப் பிடுங்கி எறியுங்கள். ஆறு மாதத்தில் சாடி மாற்றும்போது கிழங்கை ஓர் அங்குலம் மேலே தூக்கி வையுங்கள். செடியில் வடியும் பால் நஞ்சு, கை கழுவவேணும்.

ஒக்டோபர் நடுவில் எல்லாம் கூரைக்குக் கீழ். தண்ணீர், மண் அடிவரை காய்ந்த பிறகு மட்டும். கிழங்கை அமுக்கினால் பஞ்சாக இருந்தால் அழுகல். வெள்ளைச் சதை வரும்வரை வெட்டி, கரித்தூள் பூசி, நிழலில் ஒரு கிழமையாவது காயவிட்டு நடலாம்.

ஒட்டுக்கு வேறு நோய். ஒட்டிய இடத்துக்குக் கீழே அரிசி அளவில் பச்சை முளை கிளம்பும். அன்றே நகத்தால் கிள்ளவேணும். விட்டால் சாப்பாடெல்லாம் அதற்குத்தான், மேலே வாங்கிய சிவப்பு சூம்பிப்போகும். மூன்றடுக்கு மொட்டோ தூவானத்துக்கே தண்ணீர் கோத்து, விரியாமலே மண்ணிறமாகி விழும். ஒற்றை ரோஸ் அந்த ஈரத்திலும் பூத்துக்கொண்டு நிற்கும்.

கூட்டாளிக்குப் பதில்: ஒட்டையே வாங்கு. சிவப்புத்தானே கேட்டாய், சிவப்பு வரும். அந்தப் பைக்கற்றை மட்டும் தொடாதே. உன் தெருவில் எங்காவது அடீனியத்தில் ஆட்டுக்கொம்பு மாதிரி இரட்டைக்காய் முற்றி நின்றால், வெடிக்க முன் நூலால் சுற்றிக் கட்டிவிடு. நான் வந்து எடுக்கிறேன்.