சின்ன பிக்கப், தினமும் ஒரு ட்ரெய்லர்: நான்கு வருட அனுபவம்

நான்கு வருடமாக என் சின்ன பிக்கப் தினமும் ஒரு வேலை ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம். ஜெனரேட்டர், டைல் கட்டர், சாரக் குழாய் எல்லாம் ஏற்றினால் 1,100 கிலோ வரும். வண்டியின் இழுவைத் திறன் 1,500 கிலோ என்று போட்டிருந்ததால், தாராளமாகப் போதும் என்று நம்பி வாங்கினேன்.

இழுப்பதில் இன்றுவரை குறையே இல்லை. இடித்தது வேறு கணக்கு. ட்ரெய்லரின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, ட்ரெய்லரை பிக்கப்போடு மாட்டும் ஹிட்ச் மேல் இறங்குகிறது. எனக்கு அது 110 கிலோ. இதுவும் பிக்கப் சுமக்கும் பாரத்தில்தான் சேரும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அதோடு ஆட்களும் ஏறி, பின்னால் பத்து மூட்டை சிமெண்டும் போட்டால் பட்டை ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும். முன்சக்கரத்தில் பாரம் குறைந்து ஸ்டீயரிங் லேசாகிவிடும். இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அதனால் வண்டி வாங்குபவர்களிடம், இழுவைத் திறனைப் பார்க்கும் முன் சுமை அளவைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். ஒருநாள் அவசரத்தில் ஜெனரேட்டரைக் கடைசியாக ஏற்றி, பின்கதவோரமே விட்டுவிட்டேன். ஓர் இறக்கத்தில் வேகம் 80 கிலோமீட்டரைத் தொட்டதும் ட்ரெய்லர் ஆட ஆரம்பித்தது. இடது கண்ணாடியில் அதன் பக்கவாட்டுத் தகடு தெரிகிறது, மறைகிறது, உடனே வலது கண்ணாடியில் தெரிகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து இழுபட்டது. பிரேக்கை மிதிக்கக் கால் துடித்தது. மிதிக்கவில்லை. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தேன். வேகம் குறையக் குறைய அடங்கியது. ஓரங்கட்டி நிறுத்திய பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை. அன்று மாலையே அச்சுக்குச் சற்று முன்னால், ஜெனரேட்டர் நிற்க வேண்டிய இடத்தில் மஞ்சள் பெயிண்டில் கட்டம் போட்டேன். கனமானது எதுவும் அந்தக் கட்டத்துக்குப் பின்னால் போகாது.

ட்ரெய்லருக்கு அதன் சொந்த பிரேக் ஒழுங்காகப் பிடிக்க வேண்டும். பல நாடுகளில் 750 கிலோவைத் தாண்டினாலே அது சட்டப்படி கட்டாயம். என் ட்ரெய்லரின் பிரேக் கேபிள் தளர்ந்திருந்ததை நான் கவனிக்காத காலத்தில் பிக்கப்பின் முன்பக்க பிரேக் பேட் சீக்கிரமே தேய்ந்துவிட்டது. நீண்ட இறக்கத்தில் இப்போது கியரைக் குறைத்துத்தான் இறங்குகிறேன்.

டீசல் செலவு கூடத்தான் செய்யும். 90-இல் போனவன் 75-க்கு இறங்கியதும் வித்தியாசம் தெரிந்தது. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் அல்லவா.

வேலை இடத்தில் வண்டியை நிறுத்தியதும் ட்ரெய்லரின் இரண்டு சக்கர நடுமூடியிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். வெதுவெதுப்பு பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் சுட்டால் பேரிங்கில் கிரீஸ் போய்விட்டது, அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு முறை இப்படியே பிடித்திருக்கிறேன்.

போன வாரம் ட்ரெய்லர் டயர் இரண்டையும் மாற்றினேன். தரையில் படும் பட்டன் நன்றாகத்தான் இருந்தது. பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தன.