புனலா, வாக்குவமா? கூலன்ட்டில் ஏர் எடுக்கும் இரண்டு வழிகள்

செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி ஆரியங்காவு கணவாய் ஏறும்போது, ஏர் லாக் (எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஓடும் வழியில் காற்று மாட்டிக்கொள்வது) உள்ள வண்டி மேட்டிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஹீட்டரைப் போட்டால் சூடே வராது, டெம்பரேச்சர் முள் ஏறி இறங்கும்.

எனக்குப் பழகியது புனல் முறை. எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து (சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்), வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். ரேடியேட்டர் வாயில் புனலைப் பொருத்தி, கூலன்ட் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஐடிலில் ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் வால்வு) திறந்ததும்தான் உள்ளே மாட்டிய காற்று குமிழ் குமிழாக வரும். மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிக்கொடுங்கள், துணி சுற்றி. ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை அவசரப்படக் கூடாது.

வாக்குவம் கருவிக்கு கம்ப்ரஸர் வேண்டும். அது காற்றை முதலிலேயே உறிஞ்சிவிட்டு, அந்த வெற்றிடத்துக்குள் கூலன்ட்டை இழுக்கும். மீட்டர் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து, ஊற்றும் முன்பே கசிவையும் பிடித்துவிடலாம். புனலில் அது நடக்காது. ஹோஸ்கள் வளைந்து நெளிந்து போகும், ரேடியேட்டர் எஞ்சினைவிடத் தாழ்ந்திருக்கும் வண்டி என்றால் நான் வாக்குவத்தைத்தான் சொல்வேன். பழைய மாருதி 800-க்குப் புனலே போதும்.

எதைச் செய்தாலும் சரி, மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் அளவைப் பார்த்து நிரப்பிவிட்டு அப்புறம் கணவாய் ஏறுங்கள்.