ஒரு பேக்கிங் வளையத்துக்கு இத்தனை பாடு

இந்த முறை ஊருக்குப் போனதில் வங்கி வேலை, ஆதார் திருத்தம், அக்கா மகள் நிச்சயதார்த்தம் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கும்பகோணத்தில் அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு நடந்ததைத்தான் எழுத வேண்டும். நினைத்தால் வயிறு எரிகிறது.

கார்புரேட்டர் காலத்து 100 சிசி வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் முன்பக்கம் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் சைலன்ஸரில் படபடவென்று வெடி. குனிந்து பார்த்தால், புகையை சைலன்ஸருக்குக் கொண்டுபோகும் பெண்டு பைப் இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டில் சேரும் இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. இன்ஜின் ஆறியிருக்கும்போது அங்கே சோப்புத் தண்ணீரைத் தடவி ஸ்டார்ட் செய்தேன், குபுகுபுவென்று நுரை. சந்தேகமே இல்லை, பேக்கிங் போய்விட்டது. ஹெட்டுக்கும் பைப்புக்கும் நடுவே இருக்கும் அந்த வளையம் நசுங்கித்தான் இடைவெளியை அடைக்கும். ஒருமுறை நசுங்கியது மறுபடி சரியாக அடைக்காது, புதிதுதான் போட வேண்டும். அந்த இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் வந்த பெட்ரோலோடு சூடான பைப்பில் சேர்ந்து எரிவதால்தான் அந்த வெடிச்சத்தம்.

நான் இருக்கும் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டியாக வேண்டும். புகைக்குழாய் ஒழுகினால் லேசில் விட மாட்டார்கள். இங்கே அப்பாவின் வண்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் புகைச் சான்றிதழில் ஜம்மென்று பாஸாகியிருக்கிறது. வால் பக்கம்தானே குழாயைச் சொருகிப் பார்க்கிறார்கள்? ஒழுகும் இடத்தில் வெளிக்காற்று கலந்தால் அளவு குறைவாகவே காட்டும்.

வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் பாயிடம் போகலாம் என்றார் அப்பா. நான்தான் பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போவோம், பில்லோடு வேலை நடக்கும் என்றேன். ஏசி ஹால், காபி மெஷின், டேப்லெட்டில் ஜாப் கார்டு எல்லாம் உண்டு. பட்டறைக்கும் நமக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். "உள்ளே வரக்கூடாது சார், பாதுகாப்பு" என்றார்கள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மெக்கானிக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே பேசுவது, நடுவில் போய் டீ வாங்கி வருவது என்பதெல்லாம் அங்கே கிடையாது.

"சைலன்ஸர் அசெம்ப்ளியே மாத்திடலாம் சார்" என்றார் அட்வைசர். வளையம் மட்டும் போதும் என்றேன். "தனியா ஸ்டாக் இல்ல, வரவழைக்கணும்." சரி, வரவழையுங்கள் என்று விட்டுவிட்டு வந்தேன். அப்புறம் ஃபோன் வந்தது: "கழட்டும்போது ஸ்டட் கட் ஆயிடுச்சு சார். ஹெட் மாத்தணும்."

பைப்பை ஹெட்டோடு பிடித்திருக்கும் மரையாணிதான் ஸ்டட். துருப்பிடித்த அந்த மெல்லிய ஸ்டட்டில், காற்றழுத்தத்தில் நட்டைச் சுழற்றும் ஏர் கன்னை வைத்து ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைக்கக்கூட இல்லை. ஒடித்தது அவர்கள், ஹெட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியது நான். ஜெர்மனியில் நான் வண்டி விடும் பட்டறையில் முதலில் உத்தேசச் செலவை எழுதிக் கொடுப்பார்கள், அதற்கு மேல் ஒரு போல்ட்டைத் தொடுவதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் தொடுவார்கள். இங்கே யாரிடம் பேசினாலும் மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். கடைசியில் கழற்றிய கூலியையும் வாங்கிக்கொண்டுதான் வண்டியைக் கொடுத்தார்கள்.

குட்டி யானையில் ஏற்றி மகாமகக் குளத்துப் பக்கம் பாய் பட்டறைக்குக் கொண்டுபோனோம். "வாங்க தம்பி, எப்ப வந்தீங்க? ஏன், நேரா இங்க வந்திருக்கலாம்ல?" என்றவர், குனிந்து பார்த்ததும் உச்சுக் கொட்டினார். ஸ்டட் ஹெட்டோடு மட்டமாக ஒடிந்திருந்தது. பிடிக்க நுனியே இல்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததை இப்போதும் ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும். மண்ணெண்ணெயில் ஆயில் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட்டார். மறுநாள் முதல் வேலையாக பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஒடிந்த ஸ்டட்டின் தலையில் ஒரு நட்டை வைத்து, அதன் துளைக்குள் வெல்டிங் ராடை விட்டு நிரப்பினார். ஹெட்டில் ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்டேன். "ஹெட்டு அலுமினியம் தம்பி, ஸ்டட்டு இரும்பு. இரும்பு இரும்போடதான் ஒட்டும். சூட்டுல இறுக்கமும் விட்டுரும்." சிவப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு ஸ்பேனரைப் போட்டு முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று அசைத்தார். 'கிரீச்' என்றது. கையை எடுத்துவிட்டு இன்னும் இரண்டு சொட்டு விட்டார். மறுபடி முன்னே, பின்னே. ஆடிய பால்பல்போல் முழு ஸ்டட்டும் நட்டோடு வெளியே வந்தது. ஹெட்டின் மரை ஒன்றுகூடக் கெடவில்லை.

சர்வீஸ் சென்டரில் ஸ்டாக் இல்லாத வளையம், இங்கே ஆணியில் மாட்டிய கம்பியில் கொத்தாகத் தொங்கியது. பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, புது ஸ்டட் போட்டு, இரண்டு நட்டையும் முதலில் கையால் ஏற்றினார். பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்கினார். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் வளையம் சாய்ந்து உட்கார்ந்து மறுபடி ஒழுகுமாம். சோப்புத் தண்ணீர் தடவினோம், நுரை இல்லை. வெல்டிங்கும் சேர்த்து 350 ரூபாய். ஸ்டுட்கார்ட்டில் ஒரு மணி நேரக் கூலியே நூறு யூரோவைத் தொடும்.

ஒன்று மட்டும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இவ்வளவு தெரிந்த மனிதர், முகக் கவசம் இல்லாமல் தலையைத் திருப்பிக்கொண்டு வெல்டிங் வைக்கிறார். ஜெர்மனியில் ஒருவரையும் இப்படி வேலை செய்ய விட மாட்டார்கள். ஹார்டுவேர் கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவர் மனைவியிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஊருக்குப் போய் அப்பாவின் வண்டியை எங்கே விட்டாலும் சரி, சைலன்ஸர் நட்டில் ஏர் கன் வைக்கக்கூடாது, கையால்தான் கழற்ற வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள். சூடாகி ஆறிய பிறகு நட்டை இன்னொரு முறை பிடிக்கச் சொன்னார் பாய். பாபநாசம் வரை ஓட்டிவிட்டு வந்து ஸ்பேனரைப் போட்டேன். ஒரு நட்டு கால் சுற்றுப் போனது, மற்றது அசையவில்லை. சர்வீஸ் சென்டருக்குக் கொடுத்த கூலியைத் திருப்பிக் கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை; விடுவதாக இல்லை.